குளிர் வேண்டாம் என்றாள்

தைப்பிங்கில் மூடிவிட்ட ஒரு மருந்தகத்திலிருந்து
மூன்று பேர் லோரியில் கொண்டுவந்து இறக்கினார்கள்.
வளைந்த நான்கு கால்.
தலையில் இட்லிக் குண்டானைக் கவிழ்த்ததுபோல் இயந்திரம்.
உள்ளே காய்ந்த பல்லி ஒன்று,
மருந்துப் புட்டியின் ரப்பர் மூடிகள்,
ஐஸ் தட்டில் யாரோ போட்டுவைத்த சாவி.

முதலில் துணியை அம்மோனியாவில் நனைத்து
குழாயின் மூட்டுகளில் எல்லாம் காட்டினேன்.
கசிந்தால் வெள்ளைப் புகை எழும்.
கந்தக வாயு.
நெஞ்சில் ஏறினால் இருமி இருமித் தெருவுக்கு ஓட வேண்டும்.
புகை வரவில்லை.
மறுபடி காட்டினேன், வரவில்லை.
ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால்
எங்கோ ஒருவன் அடைத்து மூடிய மூச்சு
எத்தனை கொடி ஏறி இறங்கியதென்று தெரியாமல்
இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

வயர்தான் போய்விட்டது.
பருத்தி உறை தொட்டதும் விபூதியாய்க் கொட்டியது.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பத்தொன்பது வருஷம் ஈயம் வைத்த கை இது,
அரிசியைவிடச் சின்னதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஒட்டிய கை.
கட்டைவிரல் தடிமனில் வேலை செய்ய
அதற்கு இன்னும் கூச்சம்.
ரிலே ஒட்டிக்கொண்டு அசையவில்லை.
தேய்த்தேன், துடைத்தேன், அதன் வம்சத்தையே திட்டினேன்.
இருநூற்று நாற்பதை நூற்றுப்பத்தாய் இறக்கி
சுவிட்சைத் தட்டிவிட்டு
இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றேன்.

ஓடியது.
தூங்குகிறவன் ஒருக்களித்துப் படுப்பதுபோல் ஒரு குலுக்கல்,
பிறகு ஒரே சுருதி.

கதவுக் கொக்கியைக் கழற்றிவிட்டுக் காந்தம் பதித்தேன்.
அந்தக் காலத்துக் கதவுக்கு வெளியேதான் பிடி,
உள்ளே கிடையாது.
ஒளிந்து விளையாடும் பிள்ளைக்கு அது தெரியாது.

சனிக்கிழமை சியூ லிங் வந்தாள்.
சூலியா தெருவில் காப்பிக்கடை திறக்கிறாளாம்.
கதவைத் திறந்தாள், குளிர் அவள் மூக்குக்கண்ணாடியை மூடியது.
துடைத்துக்கொண்டே மலாயில் சொன்னாள்:
குளிர் வேண்டாம், அக்கா. மோட்டாரை எடுத்துவிடுங்கள்.
உள்ளே விளக்குப் போட்டுக் கண்ணாடிக் குவளை அடுக்கப் போகிறேன்.
ஓடும் பெட்டிக்கு நான் வைத்த விலை
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
ஓடாத பெட்டிக்கு அவள் வைத்த விலை மூவாயிரம்.

ஐந்தாம் தேதி கடை வாடகை.
செயின் பிளாக்கை உத்திரத்தில் மாட்டினேன்.

ஒரு குழாயும் அறுபடவில்லை.
குண்டானும் அதன் கீழே தொங்கும் உறைதட்டும்
முழுசாய் மேலே வந்தன.
தலையில் ஓட்டையோடு பெட்டி லோரி ஏறியது.
அந்தச் சாவியைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன்.
எந்தப் பூட்டுக்கோ.

சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல்
தொங்குகிறதற்கு மின்சாரம் கொடுத்தேன்.
அரை மணியில் தகட்டில் உப்புப் பூத்ததுபோல் வெண்மை.
சுவர் கிடையாது, கதவு கிடையாது.
ஜெலுத்தோங்கின் ஈரக்காற்றையெல்லாம்
குளிரவைத்தே தீருவேன் என்று
நிற்காமல் ஓடுகிறது.
போதும் என்று தெரிய
அதற்கு நாலு பக்கம் அடைத்த ஓர் இடம் வேண்டும்.

பக்கத்துக் கடை காக் ரொக்கியா எட்டிப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
விற்காத நாலு கெம்போங் மீனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
ஐஸ் தட்டு இருந்த பொந்தில் செருகிவிட்டு,
காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு ஷட்டரை இழுக்கும்போது
பிளக்கில் கை வைத்தேன்.
கரண்டு பில் ஞாபகம் வந்தது.
மீன் ஞாபகமும் வந்தது.
விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் பூட்டினேன்.