சல்லி

எங்கள் முனையில்
கல்லுக்கும் காசுக்கும் ஒரே பெயர்.
சல்லி இருக்கா என்று கேட்டால்
மடியைத் தொட்டுப் பார்ப்பவர் பாதி,
கடலைத் திரும்பிப் பார்ப்பவர் பாதி.

கல்குடாவுக்கு வடக்கே
பதினொரு சூளை எரிந்த காலம்.
வேலாப்போடி அலவாங்கோடு மூழ்குவான்.
நூறு எண்ணுவதற்குள் வராவிட்டால்
வள்ளத்தில் இருப்பவன் கயிற்றை இழுக்க வேண்டும்.
அவன் நூற்றிருபதில்தான் வருவான்,
மான்கொம்புபோல் கிளைத்த ஒன்றை
மார்போடு அணைத்தபடி.
நீருக்குள் அது ஊதா.
கரையேறினால் பழுப்பு.
மூன்றாம் நாள் மீன்வாடை.
சூளைக்குப் பிறகு
கண் கூசும் வெள்ளை.

நான் தலைச்சுமை.
கூடைக்கு இருபத்தைந்து சதம்.
வெந்த கல்லில் நீர் தெளித்தால்
சீறிக் கொதித்துப் பூவாய் உதிரும்;
விலகி நிற்காதவர்களுக்கு இமைமயிர் இல்லை.
என் இமையைப் பார்த்துத்தான்
கனகரெத்தினத்தின் தாய் பெண் கேட்டு வந்தாள்:
"இவள் விலகத் தெரிஞ்சவள்."

உதுமாலெவ்வை முதலாளியின் லொறிகள்
பொலன்னறுவைக்கு, அதற்கும் அப்பால்.
கோயில் மதிலுக்கும் பள்ளிவாசல் மினாராவுக்கும்
ஒரே சாக்கிலிருந்து வெள்ளை.
சம்பள நாளில் வாழைச்சேனைத் தட்டான்
சூளை நிழலிலேயே தராசு தூக்குவான்.
மூன்று தேத்தண்ணிக் கடை, ஒரு சைக்கிள் கடை,
மழை வந்தால் படம் நிறுத்தும் ஓலைக் கொட்டகை.
எல்லாக் கூரையிலும் தூள்.
எங்கள் ஊர்க் காகம்
கொக்கென்று தன்னை நினைத்துக்கொண்டது.

புயலுக்கு முந்திய வருடம்
ஒரு கந்தோர்க்காரர் வந்தார்.
கால்சட்டையை முழங்காலுக்கு மடித்து
பாரில் ஏறி நின்று சொன்னார்:
இது கல் இல்லை, உயிர்.
உங்கள் ஊருக்கு இதுதான் வேலி.
இளநீர் வெட்டிக் கொடுத்தோம்.
"எங்களுக்கு வேலிதான் ஐயா பயிர்"
என்றாள் பூமணி.
அவர் அதையும் எழுதிக்கொண்டு போனார்.

ஒரே நாளில் அணையவில்லை.
முதலில் விறகுக்குப் பெர்மிட்.
பிறகு, வெடிச்சத்தம் கேட்டால்
கல்லுக்கா ஆளுக்கா என்று தெரியாத வருடங்கள்.
வேலாப்போடி ஒருநாள்
நூற்றிருபதுக்கும் வரவில்லை.
இருநூறுவரை எண்ணினேன் என்று
கயிறு பிடித்தவன் இன்றும் சொல்கிறான்,
கேட்காதவர்களிடமும்.
ஐந்தாம் சூளை காவலரண் ஆயிற்று,
மண்மூட்டைக்கு நடுவே துவக்கின் மூக்கு.
முதலாளி ஓட்டமாவடிக்கு, பிறகு எங்கோ.
நடுவில் எப்போதோ சட்டமும் வந்தது;
அதை வாசிக்க
ஊரில் ஆள் இல்லை.

பிறகு அந்த மார்கழி ஞாயிறு.
எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
பார் மிச்சமிருந்த இடத்தில்
கடல் தடுக்கி விழுந்தது.
நாங்கள் கழற்றிய இடத்தில்
படலை திறந்த வளவுக்குள் வருவதுபோல்
நேரே வந்தது.
கனகரெத்தினம் முற்றத்தில்
வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.
விலகத் தெரிந்தவள் நான்,
சந்தைக்குப் போயிருந்தேன்.

இப்போது சூளைமேட்டில் ஹோட்டல்.
வெள்ளைச் சுவர்.
தொட்டுப் பார்த்தேன், பெயின்ட்.
ஒன்பது அறை என் பொறுப்பு,
விரிப்பு மாற்றுவது, துவாய் மடிப்பது.
நேற்று ஆறாம் அறையை விட்டுப் போனவர்கள்
குளியலறை ஜன்னலில் ஒரு கொம்பை மறந்திருந்தார்கள்.
கை அகலம். இன்னும் மீன்வாடை.
கை தானாகவே எடை போட்டது,
முக்கால் இறாத்தல்.

மறந்த பொருள் எழுதும் கொப்பி
வரவேற்பு மேசையில், புதுப் பெடியனிடம்.
"சல்லி கிடந்தது தம்பி" என்றேன்.
அவன் தலை நிமிரவில்லை.
பேனையைத் திறந்தபடி கேட்டான்:
"எவ்வளவு?"