விளிம்பு

ஐந்தாவது தோட்டாவில் நின்றது.
பாதி மூடிய போல்ட்டின் வாயில்
வெற்றுக்கூடு நெட்டுக்குத்தலாக,
உப்புப் பாத்தியில்
ஒற்றைக்கால் கொக்கு மாதிரி.

மேகசினைக் கழற்றினேன். போல்ட்டை இழுத்துக்
கூட்டைத் தட்டிவிட்டேன்.
அறை காலிதானா என்று
கண்ணால் பார்த்து, ஈர்க்குச்சியாலும் பார்த்தேன்.
குழல் மணல்மேட்டை விட்டு நகரவில்லை.
"முன்னால யாரும் போகாதீங்க" என்று
வழக்கம்போலக் கத்தினேன்.
போவதற்கு ஆளில்லை.
இலக்கட்டையின் மேல் ஒரு கரிச்சான் மட்டும்.

வாலிநோக்கத்தில் எது நின்றாலும்
முதல் வழக்கு உப்பின்மேல்தான்.
கேட்டின் கீல், ஸ்கூட்டரின் சைலன்சர்,
நான் வேலை பார்க்கும் எடைமேடையின் கம்பி
எல்லாவற்றுக்கும் அதுவே குற்றவாளி.
எனக்குச் சம்பளமும் அதுவே.
அன்றிரவு பிரித்துப் போட்டேன்.
பிரஷ், பழைய பனியன் துணி, எண்ணெய்.
கரியும் மெழுகும் ஈயமும் குழைந்து
கணவாய் மை போல வந்தது.
துரு இல்லை.
உப்பை விடுதலை செய்தேன்.

மறுவாரம் ஏழாவதில் நின்றது.

தோட்டாவை மாற்றினேன்,
மலிவுப் பெட்டி போய் விலைப் பெட்டி,
ஐம்பது தோட்டாவுக்கு ஒரு கேஸ் சிலிண்டர் பணம்.
மேகசின் இரண்டுக்கும் நகப்பூச்சால்
ஒரு புள்ளி, இரு புள்ளி வைத்தேன்.
ஒரு புள்ளி, நாலாவதில்.
இரு புள்ளி, ஒன்பதாவதில்.
ஒரு புள்ளி, மறுபடி மூன்றாவதில்.
லாரி நம்பர் எழுதும் அதே கையெழுத்தில்
நோட்டில் ஏற்றினேன்.
ஸ்பிரிங்கும் புதிது போட்டேன். அன்றைக்குக் கச்சான் காற்று
தாளையே பிய்த்துக்கொண்டு போனதால்
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பக்கத்து லேனில் சித்தி பல்கீஸ்,
கீழக்கரையில் பல் டாக்டர்,
ஞாயிறு மட்டும் சுட வருகிறவர்.
காரிலிருந்து காம்பு வைத்த சின்னக் கண்ணாடியும்
வளைந்த ஊசியும் கொண்டுவந்தார்.
மொபைல் வெளிச்சத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார்.
"இழுக்கிற கொக்கி நல்லாத்தான் இருக்கு,
நகம் தேயல.
தட்டிவிடுற முனையும் சரி.
கூடுதான் கிளம்பி வரமாட்டேங்குது.
உள்ள எதுவோ பிடிச்சு வைக்குது."

ஊசியை அறையின் வாயைச் சுற்றி ஓட்டினார்.
பன்னிரண்டு மணி இடத்தில்
டிக் என்று தடுக்கியது.
எனக்குக் கடைவாயில் கூசியது.

"ராத்திரியில பல்லைக் கடிக்கிற பழக்கம் உண்டா?"

"எனக்கா?"
"இதுக்கு."

சொல்லிவிட்டேன்.
தோட்டா விலைக்குப் பயந்து
வீட்டுச் சுவரில் ஒரு பொட்டை ஒட்டி
வெறும் துப்பாக்கியின் குதிரையை இழுத்ததை.
இரவுக்கு நூறு, இருநூறு.
விரல் நடுங்காமல் பழகிவிட்டது என்று
நானே எனக்கு மார்க் போட்டதை.

இந்தச் சின்னத் தோட்டாவுக்கு
உயிர் விளிம்பில் இருக்கிறது.
ஊசி விளிம்பைத்தான் குத்தும்.
விளிம்பே வராத இரவுகளில்
எதைக் குத்தியிருக்கும்?
தன் வீட்டு வாசற்படியை.
குத்திக் குத்தி இரும்பில் பிசிறு எழும்பி
அதன்பின் வந்த ஒவ்வொரு கூட்டையும்
வெளியே போகும்போது
சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.
உப்பைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன்,
தோட்டா செய்தவனின் நாட்டையே திட்டினேன்.

"பல்லுன்னா நானே ராவிடுவேன்" என்றார் பல்கீஸ்.
"இதை மதுரைக்கு அனுப்புங்க."

அது போயிருக்கும் இரண்டு வாரத்தில்
சிக்கலில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.
சுவரில் அடிக்கிற மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் ஒரு பாக்கெட்.
தோட்டா இடத்தில் அது சரியாக உட்காருமாம்,
ஊசிக்குக் குத்த ஒரு விளிம்பு கிடைக்குமாம்.

"சுவத்துல என்னக்கா மாட்டப் போறீங்க?"
"எதுவும் மாட்டக் கூடாதுன்னுதான் தம்பி."

அவர் ஸ்க்ரூவையும் சேர்த்துப் போட்டார்.