இருபத்தெட்டுக்குப் பதினெட்டு

அளவுநாடாவைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான்
அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினோம்.
நீளம் இருபத்தெட்டு அடி, அகலம் பதினெட்டு.
உயரம் மட்டும் யோகமலர் கண்ணால் அளந்தது:
"உங்களப்போல ரெண்டு பேர
தோளுக்கு மேல தோளா நிப்பாட்டலாம்."
காசு அறுபதாயிரம்.
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

சீமெந்து விலை ஏறிய வருடம்
இரண்டு நடுச்சுவரைக் கட்டாமல்
மேசன் கிருபைரெத்தினம் விட்டுப் போனதில்
எங்களுக்கு வாய்த்த மண்டபம் அது.

நௌஸரின் கடையில் முதலில் மினுங்கியது
ஐந்து பெட்டி, நீல வெளிச்சம்,
நெற்றியில் ஒட்டிய தாளில் பத்தாயிரம் வாட்ஸ்.
"தம்பி, பத்தாயிரம் எண்டால்
தம்பிலுவில் முழுக்கக் கரண்ட் போகுமே" என்றாள்.
உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிப்பவள்.
நௌஸர் சிரித்தான்.
தாளைக் கிழிக்கவில்லை.

சின்னப் பெட்டி சின்ன அறைக்குக் காணும்.
பெரிய அறையில் அது
சந்தைக்குள் தொலைந்த பிள்ளை கூப்பிடுவது மாதிரி,
கூட்டிக் கூட்டிக் கத்தவிட்டால்
தொண்டை கட்டிப்போகும்.
எவ்வளவு தின்னும் என்று கேளாதே,
தின்ற ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று கேள்:
பஸ்ஸில் அவள் சொன்னது.
மாட்டுக்கும் பொருந்தும் என்றேன்.
யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னறையில், சாக்குக்குக் கீழே,
கொள்கலனில் வந்த ஜப்பான் பழசு ஒரு சோடி.
இடுப்பளவு உயரம்.
ஒன்றின் கூம்போரத்து ரப்பர்
அப்பளம்போல் நொறுங்கி இருந்தது.
நாற்பத்தையாயிரம் என்றான்.
அவள் கூம்பை விரல் நுனியால் அமத்தினாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
முப்பத்தெட்டுக்கு முடிந்தது.
ரப்பர் வளையம் அவன் செலவு.
ஆம்ப் பதினெட்டு, வயர் இரண்டு சொச்சம்,
மிச்சத்தில் ஆளுக்கொரு பலூடா.
பெட்டிகள் வந்தது
நெல் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய லேண்ட்மாஸ்டரில்.

பெரும்போக அறுவடை முடிந்த கிழமை.
மண்டபத்தின் பின்சுவரை மறைத்து
முப்பத்தாறு மூடை நெல்.
அதற்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரை.
எதிரே, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் பெட்டிகள்.
பாட்டுக்காரிக்கும் வயலினுக்கும் நடுவால்
ஒரு ஆள் நடந்து போகலாம்போல் இடம்.
தம்புரா எங்கே என்று விரலால் காட்டலாம்.
மிருதங்கத்தின் தொப்பி
என் வயிற்றில் வந்து பட்டது.
"அறுபதாயிரத்துக்கு இது அநியாயம்" என்றேன்,
நௌஸரை ஏமாற்றிவிட்டவன்போல.

மறுகா, லொறி வந்தது.
நல்ல விலை.
கூட்டித் துடைத்த தரை, வெறும் சுவர்.
அன்றிரவு அதே பாட்டுக்காரி
கிணற்றுக்குள் விழுந்து கிடந்தாள்.
மிருதங்கம் ஒரு அடியை மூன்று தரம் சொன்னது,
சாட்சிக்கூண்டில் பயந்தவன் மாதிரி.
நான் நௌஸரைத் திட்டினேன்.
ஆம்பைத் திட்டினேன்.
வயரை மாற்றி மாற்றிக் கொழுவினேன்.
யோகமலர் நடு அறையில் நின்று
ஒருதரம் கைதட்டினாள்.
சுவர் திருப்பித் தட்டியது.

"ஸ்பீக்கர் நல்லம்.
நாங்க வித்தது அதுட மத்தப் பாதிய."

கட்டில் மெத்தையை நிறுத்திப் பார்த்தோம்.
படங்கு தொங்கவிட்டோம்.
அரைவாசிதான் சரிவந்தது.
மூன்றாம் நாள் காலை
தன் அண்ணனின் வட்டைக்குப் போய்
விற்ற விலைக்கு மேல் கொடுத்து
எட்டு மூடை வாங்கி வந்தாள்.
பின்மூலைக்கு நாலு நாலாக அடுக்கினோம்.
அண்ணன் என்னிடம் தனியாகக் கேட்டார்:
"வீட்ட ஏதும் கலியாணமா?"

கணக்குக் கொப்பியில் அவள் எழுத்து:
விதைநெல் நாலு.
சாப்பாட்டு நெல் ஆறு.
அதற்குக் கீழே, சிவப்புப் பேனையால்,
ஒலிநெல் எட்டு.

சித்திரை வெக்கையில்
மூடையிலிருந்து அந்துப்பூச்சி கிளம்பத் தொடங்கியிருக்கிறது.
ஒன்று இப்போது
இடப்பக்கப் பெட்டியின் துணியில் இருக்கிறது.
தாழ்ந்த சுரம் வரும்போது மட்டும்
எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி,
அதே இடத்தில் குந்துகிறது.