ஒரே ஆள்

மேற்படி பழனியாயி என்பவரும்
பலனி என்பவரும்
பாலனி அம்மா என்பவரும்
ஒரே ஆளேயன்றி வேறெவருமல்லர் என்று
நாற்பத்தொரு வருடத்தில்
எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்.

ழகரம் ஏறாத ஒரு பேனா கச்சேரியில்.
செக்ரோலை மூடும் அவசரத்தில் பாதிப் பெயரோடு
கையெடுத்த தோட்டத்துக் கிளாக்கர்.
அப்பன் பெயரைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போன பதிவாளர்.
அவர்கள் விட்ட பிழையில்
ஹட்டன் நீதிமன்றத்துக்கு எதிர்ப்படியில்
என் அடுப்பு எரிந்தது.

மழையோடு வருவார்கள்.
பொலித்தீன் உறைக்குள் உறை, அதற்குள் ஒரு காகிதம்.
கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலில்
ரேகை விழாது.
விமலசேன சவர்க்காரத் துண்டை நீட்டுவான்,
பின்கட்டுக் குழாயைக் காட்டுவான்.

"அப்ப நா யாருங்கய்யா?"
ஒருத்தி கேட்டாள், சிரிக்காமல்.
ஐம்பது ரூபா, முத்திரை தனி
என்றேன்.

போன மாதம் கந்தோரை விற்க ஒப்புக்கொண்டேன்.
படிகள் இருபத்தாறு. முழங்கால் பதினாலில் நின்றுவிடுகிறது.
நொத்தாரிசு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்:
உறுதியில் அந்தோனி சவரிமுத்து,
அடையாள அட்டையில் எஸ். அந்தனி,
பிறப்புப் பதிவில் சவுரி, வெறும் சவுரி.
சத்தியக் கடதாசி ஒன்று வேணும் சேர்.

சிரித்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன்.
மனப்பாடமான வேலைதானே.
'வேறெவருமல்லர்' என்ற இடத்தில்
பேனா நின்றது.

தொண்ணூற்றுநாலு.
கூரையில்லாமல் நின்ற என் வீடு.
கிளென்மோரா கம்பனிக்காக ஒரே ஒரு வழக்கு.
அரைப்பேர் போட்டதற்குத் தராசை மறித்து
வேலை போன இருபத்திரண்டு பேர் எதிரே.
முதல் சாட்சி பெரியண்ணன்,
அப்பாவோடு ஒரே லயத்தில் இருந்தவர்.
கூண்டிலிருந்து என்னைப் பார்த்து
"நல்லாருக்கியா தம்பி" என்றார்.

பெரியண்ணனா, பெரியனா, பெரியானா?
மூன்று முறை கேட்டேன்.
மூன்று முறையும் ஆமாங்க என்றார்.
ஆளும் ஆவணமும் பொருந்தவில்லை,
கனம் தலைவர் அவர்களே.

என் கந்தோருக்கு வந்திருந்தால்
ஒரு தாளில் முடித்துக் கொடுத்திருப்பேன்.

மனு தள்ளுபடி.
அந்தக் காசில் போட்ட தகரம்
இன்றைக்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.
எத்தனையோ பேருக்கு வேலை மீட்டுக் கொடுத்தவன்தான் நான்.
அதைச் சேர்த்து எழுத
அந்தப் படிவத்தில் கோடு இல்லை.

"வாசித்து விளங்கிக்கொண்டீங்களா சேர்?"
வழமையான கேள்வி. நானும் கேட்பேன்,
பதில் வருமுன் முத்திரையைக் குத்திக்கொண்டே.

வாசித்தேன் என்றேன்.
மற்றதைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
முத்திரை விழுந்துவிட்டது.

இப்போது ஆயிரத்தைந்நூறாம்.
முத்திரை தனி.
கொடுத்தேன்.