எனக்குப் பிடித்த மூன்றரைப் படங்கள்

பெயர் கேட்காதீர்கள்.
பெயர் ஓடும்போது நான் யாருக்காவது
சாவி தேடிக்கொண்டிருப்பேன்.
வேலூர், காந்தி ரோட்டுக்குப் பின்சந்து,
இருபத்திரண்டு அறை லாட்ஜ்.
ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை
ஒரு மேஜையும் ஒரு டிவியும் என் பொறுப்பு.
சத்தம் ஆறுக்கு மேல் வைக்கக் கூடாது;
மாடியில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.

சண்டைப் படம் என்றால் எனக்கு அந்தச் சாக்ஸ் படம்தான்.
பதுங்குகுழி, மழை.
ஒருவன் சாக்ஸைக் கழற்றிப் பிழிந்து
துப்பாக்கி முனையில் காயப்போடுகிறான்.
பிறகு ஏகப்பட்ட பேர் செத்தார்கள்.
சாக்ஸ் காய்ந்ததா என்று
கடைசிவரை யாரும் காட்டவில்லை.
கடைசிவரை நானும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொன்றில், விண்கலத்துக்குள் குழாய் ஒழுகும்.
ஒழுகின தண்ணீர் விழுவதற்குக் கீழே இல்லாமல்
கோலிகுண்டு கோலிகுண்டாக மிதக்கும்.
ஒருத்தி வாயைத் திறந்தபடி
அதன் பின்னாலேயே நீந்துவாள்.
அது மே மாதம். மோட்டார் நாலு நாளாகக்
காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.
எழுந்து நின்று பார்த்தேன்.

ஆறு கண் ஜந்து வருகிற படமும் பிடிக்கும்.
தமிழில் பேசவைத்திருந்தார்கள்.
"இன்னா மொறைக்கிற?" என்றது ஒரு தளபதியிடம்.
எங்கள் பேச்சு எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.
அது இறங்கின கிரகத்தைப்
பாலாற்றுப் பாலத்தில் பஸ் நிற்கும்போதெல்லாம் பார்க்கிறேன்,
சிவப்பு மட்டும் கொஞ்சம் கம்மி.

இருநூற்று நாலில் நிதாய் மண்டல் இருந்தார்.
பாங்குரா பக்கம் ஏதோ கிராமம்.
மனைவிக்கு முப்பத்துமூன்று கரண்ட் வைக்க வேண்டும்.
தூக்கம் வராமல் இறங்கி வந்து
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்.
அவருக்குத் தெரிந்த தமிழ்: தண்ணி, எவ்ளோ, போதும்.
எனக்குத் தெரிந்த வங்காளம்: பாலோ.

டாங்கி வரும். "கீ போல்சே?" என்பார்.
என்ன சொல்கிறான் என்று அர்த்தமாம், ஊகித்துக்கொண்டேன்.
"குண்டு" என்பேன்.
முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். "கீ போல்சே?"
"அதுவும் குண்டுதான்."
அந்த ஒரு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அரைப்படம் என்றேனே, அது அவரோடு பார்த்தது.
கண்ணாடிப் பெட்டியில் ஒருத்தியைப் படுக்கவைத்து மூடுகிறார்கள்.
எண்பது வருஷம் தூங்குவாளாம்,
வேறொரு சூரியனுக்குக் கீழே எழுந்திருப்பாளாம்.
நிதாய் எழுந்தார்.
மாடியைக் காட்டினார்.
பத்து விரலையும் வலைபோல் விரித்து
முகத்தின்மேல் அழுத்திக்கொண்டார்.
அவள் படுக்கிற மெஷின் இப்படித்தான் என்றாரா,
இன்றைக்குத்தான் அவள் தூங்கினாள் என்றாரா,
நிறையப் பேசினார்.
பாலோ மட்டும் புரிந்தது.

அப்போதுதான் காட்பாடியிலிருந்து ஆட்டோ,
ரயில் இறங்கின ஏழு பேர், ஒரு ஸ்டவ், அரிசி மூட்டை.
ஆதார் நகல், முன்பணம், கூடுதல் பாய்.
திரும்பினால் டிவியில் சோப்பு விளம்பரம்,
நாற்காலி காலி.

மாசக் கடைசியில் அறையைக் காலி செய்துவிட்டார்கள்.
பகலில் முனிரத்தினம்தான் கணக்கு முடித்தான்.
எங்கள் பதிவேட்டில்
வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் உண்டு.
போகிறவர்களுக்கு நேரம் மட்டும்:
பதினொன்று இருபது.
"ரெண்டு பேரும்தானே போனாங்க?" என்றேன்.
"ஆட்டோ வந்துது, பையத் தூக்கினு போனாங்க.
நீ ஏன் பிச்சாண்டி, பாக்கி கீக்கி இருக்கா?" என்றான்.

நேற்று அந்தப் பெட்டிப் படத்தை மறுபடி போட்டான்.
மணி மூன்றரை.
தெருவில் நாய் இல்லை, ஆட்டோ இல்லை,
சாவி கேட்க ஆளில்லை.
பெட்டிக்குமேல் பச்சை விளக்கு எரிந்து
கண்ணாடி மெல்ல நகரத் தொடங்கியபோது
நானே சேனலை மாற்றினேன்.

வேறெங்கோ யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
சத்தத்தை ஐந்தில் வைத்தேன்.