பக்கம் 97

அலுமாரிக்குக் கீழே கறையான்.
அதனால்தான் இந்த வேலை,
இல்லாவிட்டால் யார் இதைத் தொடுவது.

ஞாயிறு காலை, கோண்டாவில்.
விறாந்தையில் பழைய படுக்கைவிரிப்பை விரித்து
வாசித்தது தையல் மெஷின் பக்கம்,
வாசியாதது கதவுப் பக்கம்
என்று தொடங்கினேன்.

முதலில் லேசாகத்தான் இருந்தது.
இந்த ட்ரக்டர் பராமரிப்புக் கைநூல்
மூன்று தரம் வாசித்தது.
தொண்ணூற்றைந்தில் கிளாலி கடந்தபோது
பைக்குள் இருந்தது இது ஒன்றுதான்.
யாருடைய பை என்றே தெரியாது.
ஜாம் போத்தல் விளக்கில்
கிளச் தேய்வதன் ஐந்து அறிகுறிகளைத்
தொடர்கதை போல வாசித்தேன்.
இன்றைக்கும் ஒழுங்கையால் ஒரு ட்ரக்டர் போனால்
அதன் சுகவீனம் எனக்குக் கேட்கும்.

இது இரவல்.
'ப. சுகிர்தா, 11 C' என்று மூலையில் ஊதா மை.
அவள் திருப்பிக் கேட்கவில்லை,
நான் வாசித்து முடிக்கவில்லை.
கதவுப் பக்கம்.

பிறகு வெளியீட்டு விழாப் பிரதிகள்.
என்வலப்பில் ஐந்நூறு ரூபாய் வைத்து,
பெயர் கூப்பிட மேடையேறி,
இரண்டு கையாலும் வாங்கி,
படத்துக்கு ஒருதரம் நின்று,
வடையும் தேத்தண்ணியும் முடித்து
ஸ்கூட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தவை.
நாற்பத்தியொன்று.
சிலவற்றில் அழைப்பிதழ் இன்னும்
பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறது,
எல்லைக்கல் மாதிரி.

அவற்றுள் ஒன்றை மட்டும்
யோசிக்காமல் தையல் மெஷின் பக்கம் வைத்தேன்.
பரஞ்சோதியரின் நாவல்.
நான் அல்லவா நயப்புரை சொன்னது.
சங்கக்கடை மேல்மாடி, சுற்றுகிற ஒரேயொரு மின்விசிறி,
"எட்டாம் அத்தியாயமே இந்நூலின் உயிர்நிலை" என்றேன்.
கைதட்டினார்கள்.
சனம் கலைந்தபின் அவர் வந்து
என் கையைப் பிடித்து
"எட்டாவதைச் சொன்னது நீங்கள் ஒராள்தான் பிள்ளை" என்றார்.
கண் கலங்கியிருந்தது.

வைத்ததை எடுத்து ஒருக்கால் விசிறிப் பார்த்தேன்.
தொண்ணூற்றாறுக்குப் பிறகு
ஒரு கட்டுத் தாள் பிரியவில்லை.
அச்சகம் வெட்டாமல் விட்ட மடிப்பு.
பதினொரு வருடம்.

மரக்கறிக் கத்தியால் மெல்லக் கீறினேன்.
வெங்காய மணத்தோடு திறந்தது
வெள்ளை.
அடுத்ததும் வெள்ளை.
பதினாறு பக்கம், ஒரு எழுத்தில்லை,
இலக்கம்கூட இல்லை, நான்தான் எண்ணினேன்.
நூற்றுப் பதின்மூன்றில் ஒன்பதாம் அத்தியாயம்
ஒன்றும் நடவாததுபோல் தொடங்குகிறது.

பொருளடக்கத்தில் மட்டும் இருக்கிறது:
8. மழைக்கு முதல்நாள் . . . . 97
அந்தத் தலைப்புக்காகத்தான்
அன்றைக்கு எட்டு என்றேன்.

தவபாலனுக்குக் கோல் எடுத்தேன்.
ஆய்வுரை அவர்தான் செய்தவர், முக்கால் மணித்தியாலம்.
"உங்கடை பிரதியிலை தொண்ணூற்றேழை ஒருக்காப் பாருங்கோ."
"பொறுங்கோ."
செருப்புச் சத்தம். அலுமாரிக் கதவு. ஒரு தும்மல்.
பிறகு தாள் கிழியும் சத்தம்,
மெல்ல, நேர்கோட்டில்.
பிறகு கனநேரம் ஒன்றுமில்லை.
"என்ரையிலையும்" என்றார்.
வேறெதுவும் அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

தலைமை தாங்கியவர் இருக்கிறார்.
முதற்பிரதி வாங்கிய வர்த்தகர் இருக்கிறார்.
வேண்டாம்.
ஊரெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமை
கத்தி தேடவேண்டாம்.

பரஞ்சோதியர் போய் நாலு வருடம்.
தெரிந்துதான் கையைப் பிடித்தாரா,
தெரியாமல் கண் கலங்கினாரா?
எதுவென்றாலும்
எனக்கு முகம் கழுவவேண்டும் போலிருந்தது.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது.
படுக்கைவிரிப்பின் நாலு மூலையையும் பிடித்து
எல்லாவற்றையும் ஒன்றாய் இழுத்து
உள்ளே கொட்டினேன்.
வாசித்தது எது வாசியாதது எதுவென்று
இனி எனக்கும் தெரியாது.

இது மட்டும் கையில்.
நின்றபடியே ஏழாவதை வாசித்தேன்,
பிறகு ஒன்பதாவதை.
கிணற்றடியில் வாளியைக் கையில் பிடித்தபடி
விடப்பட்ட அந்தப் பெண்
ஒன்பதாவதில் தலை துவட்டிக்கொண்டு இருக்கிறாள்.
யாருடனும் கதைக்கிறாளில்லை.

இடையில் ஏதோ நடந்திருக்கிறது.