ஏணி இல்லாத வரைபடம்

புக்கிட் ரோத்தான் சமூக மண்டபம்.
மேசையில் புதிய பம்பு வீட்டின் வரைபடம்,
சுருளாமலிருக்க மூலைக்கொரு மைலோ டின்.

பழைய பம்புக்குப் பதினோரு வருடம் எண்ணெய் விட்டவள்
லோகநாயகி. விரலை வைத்துக் கேட்டாள்:
"வால்வு இங்க. நான் எங்க நிக்கிறது?"

யாரும் பேசவில்லை.
தேய்ந்த பேரிங்கோடு மின்விசிறி மட்டும்.

"நவம்பர் மழையில செம்பனை மட்டை வந்து
கம்பிவலைய அடைக்கும்.
இழுத்துப் போட இடம் எது?
போன தடவ ஒரு சீல், இத்துனூண்டு,
ஜெர்மனியிலிருந்து வர அஞ்சு மாசம்.
அஞ்சு மாசமும் அடுப்படித் தண்ணிய
வாளியால இறைச்சோம்.
திறப்பு விழாப் பந்தலுக்குக் கணக்கு இருக்கு.
கிரீஸுக்கு?"

இஞ்சினியர் ஹஸ்லினா
ரப்பரால் ஒரு சுவரை அழித்தாள்.
அங்கே பென்சிலில் ஓர் ஏணி,
ஏணிக்கு மேல் நடைமேடை.
லோகநாயகியின் தோளை ஒருமுறை பார்த்துவிட்டு
கோட்டை இன்னும் தள்ளிப் போட்டாள்.

செலவுப் பட்டியலின் அடியில் ஒரு புது வரி:
பராமரிப்பு, வருடா வருடம்.
ரிங்கிட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
வெறும் தாள்.

மணி ஐந்து. வரைபடத்தைச் சுருட்ட வந்தார் கிராணி.
மூன்று டின்கள்தான் கிடைத்தன.
நாலாவது
லோகநாயகியின் உள்ளங்கைக்கு அடியில்.